லில்லி சிஸ்டர் கேட்ட திருத்தம்

தென்காசிப் பக்கம் புதிதாக நிருபர் வேலைக்கு வந்திருக்கும் தம்பி ஒருவர் போன மாதம் எனக்கு போன் செய்தார். "அண்ணாச்சி, ஈஸ்டர் செய்தி உங்ககிட்ட பழசு ஏதாவது இருந்தா அனுப்புங்க. தேதிய மட்டும் மாத்திக்கிடுதேன்" என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை. இருபது வருஷம் நானும் அதைத்தான் செய்தேன். "இயேசு கிறிஸ்து உயிர்த்தெழுந்ததை நினைவுகூரும் ஈஸ்டர் பண்டிகை நேற்று கொண்டாடப்பட்டது. அதிகாலையில் கல்லறைத் தோட்டங்களில் மெழுகுவர்த்தி ஏற்றி ஆராதனை நடத்தப்பட்டது." இரண்டு வாக்கியம், ஒரு மெழுகுவர்த்திப் படம். அதை நம்புகிறவர்களில் ஒருவரைக்கூட நிறுத்தி, இதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்டதில்லை. நான் சர்ச்சுக்குப் போகிறவன் அல்ல. செய்தி எடுக்கப் போவேன், எடுத்ததும் வந்துவிடுவேன்.

அந்தத் தம்பிக்கும் இளம் நிருபர்களான உங்களில் மற்றவர்களுக்கும் பழைய செய்திக்குப் பதிலாக இதை அனுப்புகிறேன். இது ஒரு விபத்துச் செய்தியில் நான் செய்த தவறைப் பற்றியது.

நான் ஓய்வுபெறுவதற்கு மூன்று சீசன் முன்னால் நடந்தது. சீசன் என்றால் உங்களுக்குத் தெரியும். சாரல் விழும், குற்றாலத்தில் கூட்டம் தாங்காது, நமக்குத் தினமும் ஒரே மாதிரியான நாலு செய்தி வரும். அருவியில் குளிக்கத் தடை, தடை நீக்கம், போக்குவரத்து நெரிசல், வேன் விபத்து. எங்கள் வட்டாரத்தில் ஐந்து பத்திரிகைக்கு ஐந்து நிருபர்கள். ஐந்து பேரும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருந்தோம். ஒருவர் செய்தி எடுத்துக் குழுவில் போட்டால் மற்ற நால்வரும் வரியை மாற்றி அனுப்பிவிடுவோம். யாரும் இதைத் தப்பாக நினைக்கவில்லை. ஒரே ஆள் ஐந்து இடத்துக்கு ஓட முடியாது அல்லவா?

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஐந்தருவி சாலையில் ஒரு சுற்றுலா வேன் மோதி பைக்கில் வந்த இளைஞன் இறந்துவிட்டான். அன்று அந்தப் பக்கம் செய்தி எடுக்கும் முறை என்னுடையது. மெயின் அருவியில் வெள்ளம் ஏறிக் குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். நான் அங்கே நின்றபடியே போலீஸ் ஸ்டேஷனுக்கு போன் போட்டேன். எடுத்தவர் பெயர், வயது, இடம் எல்லாம் சொன்னார். வேன் ஓட்டியவர் இசக்கி, வயது நாற்பத்திரண்டு, கடையம் பக்கத்து ஊர்க்காரர்.

"டிரைவரு போதையா?" என்று நான் கேட்டேன்.

"சீசன்ல வேற என்னவா இருக்கும் அண்ணாச்சி" என்றார் அவர்.

இவ்வளவுதான் நடந்த உரையாடல். கேள்வியும் என்னுடையது, பதிலும் பாதி என்னுடையது. "குடிபோதையில் டிரைவர் ஓட்டிய வேன் மோதி வாலிபர் பலி" என்று தலைப்புப் போட்டு ஆறரை மணிக்குள் அனுப்பினேன், குழுவிலும் போட்டேன். மறுநாள் காலையில் ஐந்து பத்திரிகையிலும் வந்தது. ஐந்திலும் வந்த பிறகு எனக்கே அது நிச்சயமான தகவலாகத் தெரிந்தது. என் ஊகம் நாலு தெரு சுற்றி என்னிடமே சாட்சியாகத் திரும்பி வந்திருக்கிறது என்று அப்போது உறைக்கவில்லை.

பன்னிரண்டாவது நாள், வியாழக்கிழமை காலை, தென்காசி பஸ் ஸ்டாண்ட் பக்கம் மாடியில் இருந்த எங்கள் அலுவலகத்துக்கு ஓர் அம்மா வந்தார். ஐம்பது வயது இருக்கும். மடக்கிய குடையிலிருந்து தண்ணீர் சொட்டாதபடி அதை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் செருகிவிட்டு உள்ளே வந்தார். கையில் ஐந்து பேப்பர் வெட்டுத்துண்டுகள். என்னுடையதை மேலே வைத்தார்.

"இத எழுதினது யாரு?"

"நமது நிருபர்னு போட்டிருக்கும்மா."

"நமது நிருபருக்கு ஒரு பேரு இருக்கும்லா."

"நான்தான்."

"நான் ஆசீரோட அம்மா" என்றார்.

இறந்த இளைஞனின் பெயர் ஆசீர். இருபத்துமூன்று வயது. ஆலங்குளத்தில் ஒரு லேபில் வேலை பார்த்தவன். நான் எழுந்து நின்றேன். இப்படிப்பட்ட நேரத்தில் சொல்வதற்கு நம்மிடம் சில வார்த்தைகள் தயாராக இருக்கும். அதைச் சொல்ல வாயெடுத்தேன்.

"உக்காருங்க அண்ணாச்சி. அழுகதுக்கு வரல. இதுல ஒரு தப்பு இருக்கு. மாத்தணும்."

இறந்தவரின் வீட்டார் தேடி வருவது பெரும்பாலும் வயதுக்கும் இனிஷியலுக்கும்தான். "வயசு தப்பா வந்திருக்கா?" என்று கேட்டேன்.

"வயசு சரிதான். அந்த டிரைவரு குடிக்கல."

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

அவர் பெயர் லில்லி புஷ்பம். ஒரு மருத்துவமனையில் விபத்துப் பிரிவு நர்ஸ். லில்லி சிஸ்டர் என்றால் அங்கே எல்லோருக்கும் தெரியும். மகனை அவர் வேலை பார்க்கும் அதே பிரிவுக்குத்தான் கொண்டுவந்தார்கள். கொண்டுவந்தது ஆம்புலன்ஸ் அல்ல, இசக்கி. வந்த ஒரு காரை மறித்து, பையனை மடியில் கிடத்திக்கொண்டு வந்திருக்கிறார். அன்று சிஸ்டருக்கு டியூட்டி கிடையாது. தகவல் தெரிந்து ஓடிவந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. யார் என்றே தெரியாத ஒருவர் அவர் காலடியில் உட்கார்ந்து, அவர் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார்.

"அரை மணி நேரம் அந்த ஆளு மூச்சு என் மேல பட்டுச்சு. இருபத்திரெண்டு வருஷம் கேஷுவால்டில நின்னவ அண்ணாச்சி நான். குடிச்சவன் எவன், குடிக்காதவன் எவன்னு வாசல்ல வரும்போதே சொல்லுவேன். நீங்க எந்த வாசத்த வச்சு எழுதினிய?"

நான் என் வெட்டுத்துண்டை எடுத்து மறுபடியும் படித்தேன்.

"அவரு பிரேக் பிடிச்சது லேட்டு. முன்னால போன காரு ரம்புட்டான் கடையப் பாத்துட்டு சட்டுனு நின்னிருக்கு, இவரு வலது பக்கம் ஒடிச்சிருக்காரு. அது நெசம். அதுக்குக் கேஸ் இருக்கு, கோர்ட்டு இருக்கு. நான் அதுக்கு வரல. குடிச்சாருன்னு போட்டது பொய். அதுக்குத்தான் வந்தேன்."

ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தேன். சாரலில் ஒரு மொபெட் மேல் ஒருவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உங்க வீட்டுக்காரரா? மேல வரச் சொல்லுங்களேன்."

"வரமாட்டாவ. அவியளுக்கு இன்னும் அதுக்கு மனசு ஆகல. கொண்டுவந்து விட்டாவளே, அதுவே பெருசு."

அவர் கட்டட வேலைக்காரர். ஊரில் மேஸ்திரி என்று கூப்பிடுவார்கள். சிஸ்டர் அவரைப் பற்றிக் குறைசொல்லும் குரலில் சொல்லவில்லை. ஒரு நோயாளியின் காய்ச்சல் இன்னும் இறங்கவில்லை என்று சொல்வது மாதிரிச் சொன்னார்.

இசக்கி வார நாட்களில் ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். சீசனில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் சுற்றுலா வண்டிக்குப் போவார். அவருடைய மகள் அதே பள்ளியில் பத்தாம் வகுப்பு. இதெல்லாம் சிஸ்டருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"அவரு ஜாமீன்ல வந்ததும் வீட்டுக்குப் போனேன்."

"நீங்களா?"

"ஆமா. விபத்து அன்னைக்கு அவரு போட்டிருந்த சட்டைய அவரு பொஞ்சாதி ஒரு வாளியில போட்டு மூடி வச்சிருந்தா. துவைக்கவா, எரிக்கவா, புதைக்கவான்னு தெரியாம ஒரு வாரமா அப்படியே கெடக்கு. என் பிள்ளை ரத்தம்லா, எனக்கு என்ன கூச்சம்? நான் துவைச்சுக் காயப்போட்டுட்டு வந்தேன்."

அவர் இதைச் சொன்ன வேகத்திலேயே அடுத்ததுக்குப் போய்விட்டார். அந்தப் பெண் பள்ளிக்கூடம் போக மறுக்கிறாள். குடிகாரன் மகள் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். இசக்கி வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை, சரியாகச் சாப்பிடுவதில்லை. சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். அதில் அவரை வேலையைவிட்டு எடுக்கப் போகிறார்கள். கூட்டத்துக்கு முந்தி திருத்தம் வரவேண்டும்.

ஒரு கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது. ஆனால் கேட்டேன். "இதுல உங்களுக்கு என்ன சிஸ்டர்?"

அவர் வெட்டுத்துண்டுகளை அடுக்கிச் சரிசெய்தார்.

"நாங்க பிள்ளையப் புதைச்சிருக்கோம் அண்ணாச்சி. எந்திரிச்சு வருவான்னு சொல்லித்தான் புதைச்சோம். கல்லறையில நின்னு போதகர் அதைத்தான் வாசிச்சாரு, நாங்களும் ஆமென்னு சொன்னோம். நான் அத நெசமாவே நம்புதேன். எந்திரிச்சு வந்தா அவன் சும்மா இருப்பானா? நான் போனதுக்கு அப்புறம் என் பேரச் சொல்லி என்னம்மா செஞ்சிய, யாரையெல்லாம் என்ன சொன்னியன்னு கேப்பான். ஒரு ஆளு குடிக்கல, அது எனக்குத் தெரியும், ஊரெல்லாம் குடிச்சான்னு சொல்லிச்சு, நான் வாய மூடிட்டு வீட்ல இருந்தேன்னு அவன்கிட்ட சொல்லவா? அவன் மூஞ்சிய நான் பாக்கணும்லா."

உயிர்த்தெழுதல் என்ற சொல்லை நான் இருபது முறையாவது அச்சில் ஏற்றியிருப்பேன். அது ஒருவருடைய அடுத்த வேலையைத் தீர்மானிக்கும் என்று அன்றுதான் பார்த்தேன். மகன் நாளைக்குக் காலையில் வேலை முடிந்து வீடு திரும்பி, என்ன நடந்தது என்று கேட்கப்போகிறான் என்பதுபோல அந்த அம்மா பேசினார். இறந்தவர்கள் எழுவார்களா என்பதைச் சரிபார்க்க என்னிடம் வழி இல்லை. அதை நம்பி ஒருவர் என்ன செய்கிறார் என்பதைச் சரிபார்க்க முடியும். நான் பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

அன்று மத்தியானம் முதல்முறையாக அந்தச் செய்தியை எடுத்தேன். ஸ்டேஷனுக்கு நேரில் போனேன். விபத்து நடந்த இரண்டு மணி நேரத்துக்குள் டாக்டர் கொடுத்த சான்று கோப்பில் இருந்தது. மது அருந்திய அறிகுறி இல்லை. அன்றே யாராவது கேட்டிருந்தால் காட்டியிருப்பார்கள். வேன் உரிமையாளருக்கு போன் செய்தேன். "இசக்கியா? சீனி போட்ட டீயே குடிக்கமாட்டான், அவன் எங்க இத குடிக்கப் போறான்? பேப்பரப் பாத்து நாங்களே சிரிச்சோம். அப்புறம் எல்லாத்துலயும் போட்டிருக்கேன்னு நம்பிட்டோம்" என்றார்.

திருநெல்வேலியில் இருந்த எங்கள் செய்தி ஆசிரியருக்கு விஷயத்தைச் சொன்னேன்.

"ஏம்யா, பன்னெண்டு நாள் கழிச்சு இதைக் கிளறணுமா? அஞ்சு பேப்பர்லயும் வந்ததுக்கு நாம மட்டும் எதுக்குத் தலையக் குடுக்கணும்?"

"அஞ்சு பேருக்கும் அனுப்பினது நான்தான் சார்."

"அது உள்விவகாரம். திருத்தம் கேட்டு யாரு வந்தது, டிரைவரா, வக்கீலா?"

"இறந்த பையனோட அம்மா."

அவர் குரல் மாறிவிட்டது. "யோவ். இது திருத்தம் இல்லய்யா, முதல் பக்கம். மகனைக் கொன்றவருக்காக வாதாடும் தாய். அந்த அம்மாவைக் கல்லறைக்குப் பக்கத்துல நிறுத்தி ஒரு போட்டோ எடு. அதுக்குள்ளேயே குடிக்கலன்னு ஒரு வரி சேத்துருவோம். உன் வேலையும் முடிஞ்சது, நம்ம வேலையும் முடிஞ்சது. நாளைக்கு ஆறு மணிக்குள்ள அனுப்பு."

தம்பிகளே, நான் ஆசைப்பட்டேன். வெள்ளம் வந்தால் மட்டுமே முதல் பக்கத்தைப் பார்க்கிற ஊர் நிருபர் நான். போனை வைப்பதற்குள் முதல் பத்தி மனதில் ஓடிவிட்டது. அது நல்ல செய்தியும்கூட. அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. படிக்கிறவர்கள் கண்ணீர் விட்டிருப்பார்கள். தலைப்பை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு, மறுநாள் காலை சிஸ்டர் வீட்டுக்குப் போனேன்.

தென்காசிக்கும் கடையத்துக்கும் நடுவே ஓர் ஊர். சிஸ்டர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். மேஸ்திரி முற்றத்தில் சாந்துச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நான் ஆசிரியர் சொன்னதைச் சொன்னேன்.

"எம் பேரு வேண்டாம். போட்டோ வேண்டவே வேண்டாம்" என்றார் சிஸ்டர்.

"நல்ல காரியம் நாலு பேருக்குத் தெரிஞ்சா என்ன தப்பு? படிக்கவங்களுக்கு ஒரு பாடமா இருக்கும்லா."

"சரி, பெரிய எழுத்துல போடுவிய. லில்லி நல்லவன்னு வரும். அதுக்குப் பக்கத்துல அவரு பேரு என்னன்னு வரும்?"

அவர் என் சட்டைப்பையைப் பார்த்தார் என்று சொல்லமாட்டேன். ஆனால் எனக்கு அப்படித்தான் இருந்தது.

"மகனைக் கொன்னவருன்னுதான போடுவிய? என்னைய உசரத்துல தூக்கி வைக்கணும்னா அவரக் குழியில நிப்பாட்டணும்லா அண்ணாச்சி. குடிகாரன்ங்கத எடுத்துட்டு அதைவிடப் பெரிய பேரு ஒண்ணு வைக்கதுக்கா நான் உங்கள மாடியேறி வந்து பாத்தேன்?"

முற்றத்தில் மேஸ்திரி சட்டியைக் கவிழ்த்து வைக்கிற சத்தம் கேட்டது. "அவ சொல்லுதத கேளும்" என்றார். அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

பஸ்ஸில் திரும்பும்போது அந்தத் தாளை எடுத்து இன்னொரு முறை படித்தேன். பதினாறு வருஷம் பள்ளிப்பிள்ளைகளைப் பத்திரமாகக் கொண்டுபோய்விட்ட ஒருவர் வாழ்நாள் முழுக்கச் சுமக்கவேண்டிய பெயர் அதில் நாலே சொற்களில் இருந்தது. ஒரு செய்தியில் யார் உயர்கிறார் என்றுதான் நாம் பார்ப்போம். யாருடைய தோளில் கால்வைத்து உயர்கிறார் என்று பார்க்க என்னை ஒரு நர்ஸ் பழக்கினார்.

நாலு மணிக்கு ஆசிரியரைக் கூப்பிட்டேன்.

"அந்த அம்மா ஒத்துக்கல சார்."

"பேரில்லாமப் போடுவோம்."

"ஊருக்கு ஆளு யாருன்னு தெரியும்."

"அப்போ ஒண்ணும் போடவேண்டாம். விடு."

"திருத்தம் மட்டும் போடுங்க. தப்பு என்னுதுன்னு போடுங்க."

"நம்ம நிருபர் தப்புன்னு நம்ம பேப்பர்லயே போடவா? மெமோ வரும்யா. ரிட்டையர் ஆகப்போற நேரத்துல உனக்கு எதுக்கு இது?"

"வரட்டும் சார்."

அவர் கெட்டவர் அல்ல. பெருமூச்சு விட்டுவிட்டு, "நாலு வரிக்கு மேல கிடையாது" என்றார்.

சனிக்கிழமை காலை ஏழாம் பக்கத்தில் வந்தது. ஐந்தருவி சாலை விபத்தில் வேன் டிரைவர் இசக்கி குடிபோதையில் இருந்ததாக வெளியான செய்தி தவறு. அவர் மது அருந்தவில்லை என மருத்துவச் சான்று கூறுகிறது. நமது நிருபர் உறுதி செய்யாமல் அனுப்பிய தகவல் அது. தவறுக்கு வருந்துகிறோம். குழுவிலும் சான்றின் விவரத்தைப் போட்டு, நான் அனுப்பியது பொய் என்று எழுதினேன். இரண்டு பேர் அவரவர் பத்திரிகையில் திருத்தம் வரவைத்தார்கள். ஒருவர் பார்க்கலாம் என்றார். ஒருவர் குழுவைவிட்டே போய்விட்டார்.

பத்து மணிக்கு அந்தப் பள்ளியின் கூட்டத்துக்குப் போனேன். போகச் சொன்னதும் சிஸ்டர்தான். "ஏழாம் பக்கத்த யாரு அண்ணாச்சி படிக்கா? கெட்டது வாயால பரவிச்சு, நல்லதையும் வாயால சொல்லுங்க" என்று காலையில் போன் செய்து சொல்லியிருந்தார்.

தலைமையாசிரியை எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்தார். எண்பது பேர் போல இருந்தார்கள். இசக்கி கடைசி வரிசைக்கும் பின்னால் சுவரை ஒட்டி நின்றிருந்தார். அவரை அன்றுதான் முதலில் பார்க்கிறேன். ஒல்லியான மனிதர். சட்டை நன்றாகத் துவைத்து இஸ்திரி போட்டிருந்தது. நான் எழுந்து, விசாரிக்காமல் எழுதினேன், அது தவறு, இதோ சான்று என்று சொன்னேன். இருபது வருஷம் மற்றவர்கள் மேடையில் பேசுவதைக் குறிப்பெடுத்தவனுக்கு அந்த மூன்று வாக்கியம் சொல்லி முடிப்பதற்குள் நாக்கு ஒட்டிக்கொண்டது.

முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். "அப்போ பேப்பர்ல வாரது பூராவும் இப்படித்தானாவே?" என்றார். சிரிப்பு எழுந்தது. எனக்கு அது நியாயமான கேள்வியாகப் பட்டது.

இன்னொருவர் விடவில்லை. "ரெண்டு வாரமா எங்க போயிருந்தீரு? இன்னைக்கு உம்மைய யாரு அனுப்பினா? டிரைவர் வீட்ல எவ்வளவு குடுத்தாவ?"

மறுபடியும் சிரிப்பு. என்னிடம் ஒரு பதில் இருந்தது. இறந்த பையனின் தாய் அனுப்பினார் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் அந்தக் கூட்டம் அப்படியே அடங்கியிருக்கும். என் மானமும் தப்பியிருக்கும். சுவரோரம் இசக்கி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அது தெரியும். அவர் லேசாகத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று.

"யாரும் ஒண்ணும் குடுக்கல. தப்பு பண்ணினது நான், அதனால வந்தேன்" என்று சொல்லி உட்கார்ந்தேன். கேட்டவர் நம்பவில்லை. இன்றைக்கும் அவர் நம்பியிருக்கமாட்டார். சொல்லாமல் விட்ட அந்த ஒரு வரியை என் தொழிலில் நான் எடுத்த நல்ல முடிவுகளில் முதலாவதாக வைக்கிறேன்.

அன்று அவர்கள் எதையும் முடிவு செய்யவில்லை. இரண்டு வாரம் கழித்து, கேஸ் முடியும்வரை இசக்கி வண்டி ஓட்டக்கூடாது, ஆனால் வண்டிகளைப் பராமரிக்கும் வேலையில் இருக்கலாம் என்று தீர்மானித்தார்கள். மகள் பள்ளிக்கு வரத் தொடங்கினாள். எனக்கு மெமோ வந்தது. பதில் எழுதினேன்.

இதையெல்லாம் இப்போது எழுதலாமா என்று சிஸ்டரிடம் கேட்டேன். பெயர்களையும் சில அடையாளங்களையும் மாற்றிவிட்டு, படித்துக் காட்டினேன். ஒரு வரியை மட்டும் அடிக்கச் சொன்னார். அது அவரைப் புகழ்ந்த வரி. அடித்துவிட்டேன்.

அடுத்த ஏப்ரலில் ஈஸ்டர் வந்தது. அந்த வருஷம் தேதியை மாற்றி அனுப்ப மனம் வரவில்லை. விடிவதற்கு முன் அந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். ஈஸ்டருக்கு முந்தின நாள் கல்லறைகளுக்கு வெள்ளையடிப்பது அங்கே வழக்கம். ஒவ்வொரு குடும்பமும் தங்கள் கல்லறைக்குத் தாங்களே அடிப்பார்கள். விடிகாலையில் மெழுகுவர்த்தியும் பூவுமாக வந்து பாடுவார்கள். மலைப்பக்கம் இன்னும் இருட்டாக இருந்தது.

கேட்டுக்கு வெளியே ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தார். இசக்கி.

"என்ன இங்கன நிக்கிய?" என்றேன்.

"உள்ள போலாமான்னு தெரியல அண்ணாச்சி. நான் கோயிலுக்குப் போறவன். வெள்ளையடிக்க மட்டும்தான் சிஸ்டர்ட்ட கேட்டேன். ஏதாவது வேலை குடுங்கன்னு எட்டு மாசமாக் கேட்டுக்கிட்டே இருந்தேன். இந்த வேலையக் குடுத்தாவ."

அதற்குள் சிஸ்டர் பார்த்துவிட்டார். "ஏன் வாசல்ல நிக்கிய? உள்ள வாங்க. மெழுகுவத்தி அணைஞ்சு அணைஞ்சு போவுது, கைய வச்சு மறைக்க ஆளு வேணும்."

ஆசீரின் கல்லறையை மேஸ்திரியே கட்டியிருந்தார். ஒவ்வொரு மூலையும் கத்தி வைத்ததுபோல் இருந்தது. இசக்கி அடித்த வெள்ளை பளிச்சென்று இருந்தது. அடியில் சுற்றிலும் நீலத்தில் ஒரு பட்டைக் கோடு போட்டிருந்தார். கோடு ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கி, பாம்பு போனதுபோல் இருந்தது. மேஸ்திரி அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். இசக்கியைப் பார்க்கவில்லை.

இசக்கி மெழுகுவர்த்திக்குக் கையை அணைகொடுத்தபடி உட்கார்ந்தார். பாட்டு முடிந்து ஜெபம் தொடங்குவதற்கு முன்னால் மெதுவாகக் கேட்டார். "சிஸ்டர், தம்பி எந்திரிச்சு வந்தா என்னைய என்ன சொல்லுவான்?"

சிஸ்டர் யோசித்துத்தான் சொன்னார். "கோடு கோணலா இருக்குன்னு சொல்லுவான். லேப்ல வேலை பாத்த பையன்லா, ஒரு சொட்டு கூடக் குறைய இருந்தாலும் சண்டைக்கு வருவான். எங்கப்பா மேஸ்திரி, என் கல்லறையில யாருவே இப்படி அடிச்சதுன்னு கேப்பான்."

இசக்கி சிரித்தார். சிரித்த முகத்திலேயே அழுதார். மேஸ்திரி நின்ற இடத்திலிருந்து ஓர் அடி நகர்ந்தார். இசக்கியின் முதுகில் அடித்துக்கொண்டிருந்த காற்று அப்போது நின்றது. நகர்ந்தது அதற்காகத்தானா என்று எனக்குத் தெரியாது. அன்று வழக்கமான இரண்டு வாக்கியமும் ஒரு மெழுகுவர்த்திப் படமும்தான் அனுப்பினேன். படத்தில் அவர்கள் யாரும் இல்லை.

மறு ஈஸ்டர் நான் வேலையில் இருந்த கடைசி ஈஸ்டர். அன்றும் போனேன். இசக்கி இந்த முறை உள்ளேயே இருந்தார். கேஸ் முடியவில்லை. சிஸ்டர் பூக்களைப் பிரித்து எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் கல்லறையைப் பார்த்தேன். நீலக் கோடு நாலு பக்கமும் ஒரே மட்டமாக இருந்தது.

"இந்த வருஷம் நேரா இருக்கே" என்றேன்.

"தம்பி வந்து கேட்டா பதில் சொல்லணும்லா அண்ணாச்சி" என்றார் இசக்கி. "நூல் பிடிச்சு அடிச்சேன்."

கொத்தனார்கள் நூலில் நீலப்பொடி தடவி, இரண்டு முனையையும் இழுத்துப் பிடித்து, நடுவில் சுண்டிவிடுவார்கள். சுவரில் நேர்கோடு விழும். தனி ஆளால் ஆகிற வேலை இல்லை.

"நூலு ஏது?"

"மேஸ்திரி குடுத்தாவ."

"அடுத்த முனைய யாரு பிடிச்சது?"

இசக்கி கண்ணால் காட்டினார். நான் கேட்டதோடு விடவில்லை, சரிபார்த்துக்கொள்ளத் திரும்பினேன். மேஸ்திரி மகனின் தலைமாட்டில் இரண்டு கையாலும் மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த வெளிச்சத்தில் அவருடைய நகக்கண்களில் நீலம் தெரிந்தது.